சிவப்புக் கொடி பத்து

துரு ஏறட்டும் என்றே விட்டதாம். "மட்டை மூஞ்சிக்கு மட்டும் முலாம் போடலைங் சார், வேணும்னேதான் விட்டதுங். கொஞ்சம் துரு ஏறுச்சுன்னா பந்தை நல்லாப் புடிக்கும்" என்று கனகு அண்ணன் தியோடர் சாரிடம் சொன்னபோது, கொடிக் குச்சி இருபதையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் மூன்றடி தள்ளித்தான் நின்றேன். என் ரெண்டு காதாலும் கேட்டேன். கேட்டதும் கை தானாகப் போய் புடவைக்கு மேல் போட்டிருந்த சட்டையில் துடைத்துக்கொண்டது. துடைக்க அதில் ஒன்றும் இல்லை, காலையிலேயே துடைத்தாகிவிட்டது. வாசம் மட்டும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் வாசம் லேசில் போகாது. நேற்று சாயங்காலம் கனகு அண்ணன், தான் செய்த அந்தக் கோல்ஃப் மட்டையை நான் வேலை பார்க்கிற பந்து ரூமில் என் கையில் கொடுத்து, "பத்திரம் அம்மிணி, தண்ணி மட்டும் படாம வெச்சுக்க, காலையில வந்து வாங்கிக்கறேன்" என்றார். தண்ணி படாமல்தான் வைத்தேன். ஜன்னல் பக்கம் வைத்ததுதான் தப்பு. மார்கழிப் பனி ஜன்னலுக்குள் வரும் என்று யாருக்குத் தெரியும். காலையில் வந்து பார்த்தால் இரும்பு மூஞ்சியில் செம்மண் தூவினது மாதிரி ஒரு பூப்பு. ஐயோ என்று ஆகிவிட்டது. வீட்டில் அருவாமனை இப்படி ஆனால் என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன். பையில் கை வெடிப்புக்கு வைத்திருந்த எண்ணெய்ப் பாட்டில், பாப்பாவின் பழைய துணி. தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கருகருவென்று அழகாக வந்தது. கோடுகோடாக வெட்டியிருந்த இடத்திலெல்லாம் நகத்தால் துணியை அழுத்தி அழுத்தி விட்டேன். மேலே வழவழப்பைத் துடைத்தும் வைத்தேன். பொறுப்பாக ஒரு வேலை செய்த நினைப்பு வேறு. துரு ஏறட்டும் என்றே விட்டதாம்.

சொல்லியிருக்கலாம். அப்போதே, அந்த மூன்றடி தூரத்தில் நிற்கும்போதே, அண்ணா எண்ணெய் தடவிட்டனுங்க என்று நாலு வார்த்தை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் சார், "சுகந்தி, நீ கிரீனுக்குப் போ, வெள்ளை பழசுக்கு, சிவப்பு புதுசுக்கு, ஞாபகம் இருக்கில்ல?" என்றார். தலையை ஆட்டிவிட்டு, குழி இருக்கிற அந்தக் குட்டைப் புல் திட்டுக்கு நடந்துவிட்டேன். எழுபது கெஜம். இப்போது இந்த வலைத் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறேன், அவர்கள் மூன்று பேரும் அங்கே விரல் அளவுக்குத் தெரிகிறார்கள். தொப்பி போட்டவர் தியோடர் சார், இங்கே ஆட்டம் சொல்லித் தருகிறவர். பையைத் தாங்கிப் பிடித்திருப்பது, ஆட வருகிறவர்களுக்கு மட்டைப் பை தூக்கும் கேடி வேலை பார்க்கிற ராக்கியப்பன் அண்ணன். நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருப்பது கனகு அண்ணன். வேலை ஒன்றும் கஷ்டமில்லை. பந்து விழுகிற இடத்தைப் பார்க்கணும். உருண்டு நின்றதும் போய், விழுந்த குழியிலிருந்து நின்ற இடம் வரைக்கும் எத்தனை எட்டு என்று நடந்து பார்க்கணும். நின்ற இடத்தில் கொடி குத்தணும். எத்தனை என்று அவர்களுக்குச் சொல்லணும். சத்தம் போட்டுச் சொல்லு என்று சார் ஒன்றரை வருஷமாகச் சொல்கிறார். நான் விரலைத்தான் காட்டுகிறேன். பத்துக்கு மேல் போனால் ரெண்டு கையையும் விரித்துவிட்டு மறுபடி ஒரு விரல். "அம்மிணி அங்க நின்னு பரதநாட்டியம் ஆடுது" என்று ராக்கியப்பன் அண்ணன் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பழைய மட்டையால் பத்துப் பந்து அடித்தாகிவிட்டது. சார் எட்டு வருஷமாக வைத்திருக்கிற வெட்ஜ் அது. வெட்ஜ் என்றால் பைக்குள் இருப்பதிலேயே குட்டையானது, பந்தை உயரத் தூக்கிக் குழிக்குப் பக்கத்தில் போடுவதற்கென்றே உள்ளது. பத்தும் ஒரு பாய் விரிக்கிற இடத்துக்குள் விழுந்தன. குதித்தன, நின்றன. மூணு, நாலு, மூணு, மூணு. வெள்ளைக் கொடி பத்தும் நாற்று நட்டது மாதிரி நெருக்கமாக நிற்கின்றன. இப்போது ராக்கியப்பன் அண்ணன் புதுசை எடுத்துக் கொடுக்கிறார். சார் அதைத் தரையில் ஊன்றி மேலிருந்து குனிந்து பார்க்கிறார். தலை சின்னது. என் உள்ளங்கையைக் குவித்து வைத்த அளவுதான் இருக்கும். மேல் விளிம்பும் மெலிசு. "இது தெரிஞ்சவன் கைக்கு. புதுசா ஆடறவன் அடிச்சா மண்ணைத்தான் வெட்டுவான்" என்று சார் காலையில் சொன்னபோது கனகு அண்ணனுக்கு முகமெல்லாம் சந்தோஷம், அதற்காகத்தானே செய்தது. வார்த்து ஊற்றினது இல்லையாம், ஒரே இரும்புத் துண்டைக் காய்ச்சி அச்சில் வைத்து அடித்து அடித்து வளைத்ததாம். கணபதி ஏரியாப் பக்கம் பட்டறை. பம்புசெட்டுச் சாமான் அடிக்கிற பட்டறையில் மூன்று வருஷமாக இதற்கு ஒரு மூலை. "இன்னைக்கு சார் சரின்னா சரி. இல்லைன்னா அச்சைக் காயலான் கடைக்குப் போட்டுட்டு மறுபடி பம்புசெட்டே அடிக்கறேன். வீட்டுலயும் சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரித்த பிறகு எச்சில் விழுங்கினார். மட்டையின் பின்பக்கம் குட்டியாக ஒரு ‘க’ குத்தியிருக்கிறார். பந்து ரூமில் எத்தனையோ மட்டை வரும் போகும், எல்லாவற்றிலும் இங்கிலீஷ். நான் அஞ்சாவதோடு நின்றவள், நம்பர் படிப்பேன், அவ்வளவுதான். நான் படித்த ஒரே மட்டை அதுதான். அதைத்தான் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.

முதல் பந்து. அடித்த சத்தமே சரியில்லை, ஈரத் துணியை அடித்தது மாதிரி. தேவைக்கு மேல் உயரம் போகிறது, தென்னந்தோப்புக்கு மேலே வானத்து வெளுப்பில் மறைந்து, ஆடி ஆடி இறங்குகிறது. விழுந்தது. நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போகிறது, கிரீனைத் தாண்டி மொரமொரப்புப் புல்லுக்குள். நடக்கிறேன். ஒன்பது, பத்து, பதினொன்று. குத்தினேன். ரெண்டு கையும் விரித்து ஒரு விரல். அங்கே கனகு அண்ணன் இடுப்பில் கை வைக்கிறார். இது எண்ணெயா, மட்டையா. ஒரு பந்தை வைத்து எப்படிச் சொல்ல முடியும். சாருக்கே கை தவறியிருக்கலாம். ரெண்டாவதும் உயரம், ரெண்டாவதும் பதினொன்று. கை தவறவில்லை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையும். பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துச் சூடு காட்டித்தான் காலையில் ஊற்றினேன். அந்தக் கோட்டுக்குள் போனது இப்போது வெள்ளையாக உறைந்து மெழுகு மாதிரி உட்கார்ந்திருக்கும். கோடு இருப்பதே பந்தைப் பிடிக்கத்தான் என்று எனக்கே தெரியும். போய்ச் சொல்லிவிடலாமா. எழுபது கெஜம் நடந்து போய், மூன்று ஆம்பளைகளும் அடிப்பதை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்க்க. என்ன என்பார்கள். நான் சொல்வேன். கேட்காது. மறுபடி என்ன என்பார்கள். பிரசவத்துக்குப் போன அன்றைக்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சேலையைக் கடித்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா போகும்போதும் வரும்போதும் என்னைப் பார்த்தது, நானும் பார்த்தேன், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த ஒரு பொம்பளைதான், இந்தப் புள்ளைக்குக் கால் வழியா தண்ணி போகுதுங்க என்று கத்தியது. பெஞ்சுக்கும் ரூமுக்கும் நடுவில் பாப்பா பாதி வந்துவிட்டாள். "ஏம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா, கத்துனாத்தான எங்களுக்குத் தெரியும்!" என்று நர்ஸம்மா அழுகிற மாதிரி திட்டியது. மூணாவது. பத்து.

நாலாவது ஒன்பது. மயில் ஒன்று வெள்ளைக் கொடிகளுக்கு நடுவே நடந்து போகிறது, தன் வீட்டு வாசல் மாதிரி. மார்பு கனக்க ஆரம்பித்துவிட்டது. அப்படியானால் மணி ஏழரை தாண்டியிருக்கும். பாப்பா விழித்திருப்பாள், நாத்தனார் ராகிக்கூழைக் கிண்டிக்கொண்டு, அம்மா வந்துருவா அம்மா வந்துருவா என்று சொல்லிக்கொண்டிருக்கும். சொன்னால் வேலை போகுமா. அடுத்தவர் சாமானில் கை வைத்தவள் என்று ஆகிவிடும். பந்து ரூம் சாவியைக் கேட்பார்கள். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். நீ பேசினியா அங்க என்று ஆச்சரியமாகத்தான் கேட்பார். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. எண்ணெய் தானாகப் போய்விடும், பந்து பட்டு, புல் பட்டு. தானாகப் போய்விடும். அஞ்சாவது பந்து. எட்டு. தானாகப் போகும் என்றால். நான் கொடியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அங்கே ராக்கியப்பன் அண்ணன் கையை ஆட்டினார், தள்ளு என்று. வலைக்குப் பின்னால் ஓடினேன். பதினொன்று, பதினொன்று, பத்து, ஒன்பது, எட்டு. போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் போகிறது. பந்து துடைத்துக்கொண்டு வருகிறது. ஆறாவது விழுவதற்கு முன்பே ஆறு ஏழுதான் வரும் என்று நினைத்தேன், ஏழு வந்தது. ஏழாவது ஏழுதான். எட்டாவது அஞ்சு. ஒன்பதாவதுக்குச் சத்தமே மாறிவிட்டது. பத்தாவது குதித்து, இன்னொரு தரம் குதித்து, இழுத்துப் பிடித்தது மாதிரி நின்றது. நாலு. பழைய மட்டைக்கும் நாலு உண்டே. மட்டையில் ஒரு குற்றமும் இல்லை. அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் கொடியில் நம்பர் இல்லை. எது முதலில் விழுந்தது, எது கடைசியில் விழுந்தது என்று என்னைத் தவிர யாருக்கும் இங்கே வரிசை தெரியாது. விரல் காட்டினேனே, எண்ணியிருப்பார்களா. விரல்தானே. யார் எழுதினார்கள்.

வருகிறார்கள். மூன்று பேரும் நடந்து கிரீனுக்கே வருகிறார்கள். நான் வலையை ஒட்டி நின்றுகொண்டேன், சார் எப்போதும் சொல்கிற இடத்தில். சார் வெள்ளைக் கொடிகளைப் பார்த்தார், சிவப்பைப் பார்த்தார். சிவப்பு பத்தும் மூலைக்கொன்றாக, ஆடு மேய்ந்த மாதிரி. "அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. பாத்தீங்களா கனகு?" என்றார். கனகு அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "பதினொண்ணு ஓடுது, நாலுலயும் நிக்குது. எப்ப எது வரும்னு தெரியாம நான் எப்படி அடிக்கறது? மோசமா இருந்தாக்கூடப் பரவாயில்லங்க. ஒரே மாதிரி மோசமா இருக்கணும். அதுக்குத் தகுந்த மாதிரி ஆடிக்கலாம். இது நம்பி அடிக்கிற சாமான் இல்ல." ராக்கியப்பன் அண்ணன், "மாப்பிள்ளை ஆளு ஷோக்காத்தான் இருக்குது, குணம்தான் நேரத்துக்கு ஒண்ணு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார். கனகு அண்ணன் மட்டையைக் கையில் வாங்கி, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிறது மாதிரி மூஞ்சியைப் புறங்கையால் தடவினார். "கோடு வெட்டினதுல ஆழம் ஒண்ணா இல்லையாட்ட இருக்குதுங். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானுங் சார். ஆட்டக்காரங்க சாமான் நமக்கு வராது, விடுங்." தோளில் கிடந்த சாக்குத் துணியை எடுத்து அதைச் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்று. ரெண்டு சுற்று. ‘க’ மறைந்துவிட்டது.

"வரிசை இருக்குதுங்க சார்." யாரோ சொன்ன மாதிரி இருந்தது. சார் திரும்பி, "என்ன சுகந்தி?" என்றார். "சத்தமா சொல்லும்மா." வாய் வராவிட்டால் போகட்டும், கால் வந்தது. புல்லுக்குள் கிடந்த தூரக் கொடிக்கு நடந்து போனேன். "இது மொதப் பந்துங்க." அதற்குப் பக்கத்தில் இருந்ததற்கு வந்தேன். "இது ரெண்டாவதுங்க. இது மூணாவது." கொடி கொடியாக வந்தேன். நான் வர வர அவர்கள் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தார்கள், அது ஒன்றுதான் பயம். "இது எட்டாவது. இது ஒம்பது. இது இப்ப கடைசியா அடிச்சதுங்க." சார் தொப்பியைக் கழற்றினார். மறுபடி தூரக் கொடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கண்ணால் வந்தார். "படிக்கட்டு மாதிரி இறங்குது... நிச்சயமா தெரியுமா உனக்கு?" "தெரியுங்க சார்." "ஏன் இப்படி இறங்குது?" இதற்குத்தான் பதில் இருக்கிறது. இதற்கு மட்டும்தான். "எண்ணெய்ங்க." "என்னது?" "தேங்காய் எண்ணெய்ங்க சார். காலையில துரு வந்திருந்துச்சுங்க. அருவாமனைக்குத் தடவற மாதிரி நாந்தான் தடவிட்டனுங்க. கோட்டுக்குள்ள எல்லாம் போட்டுட்டனுங்க. போகப் போக அது போயிட்டிருக்குதுங்க." எவ்வளவு வார்த்தை. இவ்வளவையும் நான்தான் சொன்னேனா. ராக்கியப்பன் அண்ணன் சாக்குத் துணியைப் பிரித்து மட்டையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "அட ஆமாங் சார், தலைக்குக் குளிக்கற வாசம் வருது! அம்மிணி சீவிப் பூ வெச்சு விடாதது ஒண்ணுதான் பாக்கி!" சார் சிரித்துவிட்டார். கனகு அண்ணன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை. "அடிக்கறதுக்கு முன்னாடி சொல்றதுக்கு என்ன அம்மிணி?" என்று ரொம்ப மெதுவாகக் கேட்டார். வாயில் கொழுக்கட்டை. "இப்பச் சொன்னாளே" என்றார் சார். "கழுவிட்டு வா. நல்லாக் கழுவணும். பழகுற பசங்க எட்டரைக்கு வந்துருவாங்க, அதுக்குள்ள பத்துப் பந்து அடிக்கணும்."

பந்து கழுவுகிற தொட்டியில் சோப்புப் பவுடரைக் கொட்டினேன். தேய்க்கிற பிரஷ் மேலாக்கத்தான் போகிறது, கோட்டுக்குள் நுழையவில்லை. தாலிக் கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினேன். ஒவ்வொரு கோடாக, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. வெள்ளை வெள்ளையாக மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. இத்தனையா போட்டேன். பதினாறு கோடு. பதினாறும் ஒரே ஆழம்தான், ஊக்கு முனைக்குத் தெரிகிறது, எங்கேயும் ஏறவில்லை, எங்கேயும் இறங்கவில்லை. இதைக் கனகு அண்ணனிடம் சொல்லணும், ஆழம் ஒன்றாகத்தான் இருக்குதுங்க என்று. சொல்லுவேனா தெரியாது. தண்ணி மட்டும் படாம வெச்சுக்க என்றதைத் தண்ணிக்குள்ளேயே முக்கிக்கொண்டிருக்கிறேன். துடைத்தேன். பாப்பா துணியால் இல்லை, புதுத் துணியால். விரலை வைத்துப் பார்த்தேன். வழுக்கவில்லை. பூனை நாக்கு மாதிரி பிடித்தது. கொண்டுபோய்க் கனகு அண்ணன் கையில்தான் கொடுத்தேன். அவர் வாங்கி ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாரிடம் நீட்டினார். எனக்குத் திரும்பவும் எழுபது கெஜம். சிவப்புக் கொடி பத்தையும் பிடுங்கி எடுத்துக்கொண்டேன், வெள்ளை அப்படியே இருந்தது. சட்டையில் ரெண்டு இடத்தில் பால் நனைந்துவிட்டது. கொடிகளை அதன் மேல் சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டேன். பந்து இப்போதும் நிற்காவிட்டால் என்ன. எண்ணெய் இல்லாமலும் ஓடினால். அப்போது நான் கழுவினதும் சொன்னதும் ஒன்றுமில்லை, அந்த மனுஷனை ரெண்டாவது தரம் தோற்கடித்ததுதான் மிச்சம். சார் நின்றார். குனிந்து பார்த்தார். நான் மேலே பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் வந்தது. வெள்ளரிப்பிஞ்சை ஒடித்தால் வருமே, அது. பந்து தாழ்வாக, நேராக வருகிறது, தென்னந்தோப்புக்கு மேலே போகவே இல்லை. வெள்ளைக் கொடிகளுக்கு இந்தப் பக்கம் விழுந்தது, ஒரு குதி, அவ்வளவுதான், ஆணி அடித்த மாதிரி நின்றது. நடந்தேன். ஒன்று. ரெண்டு. அதற்கு மேல் நடக்க இடமில்லை. கொடியைக் குத்தினேன். அங்கே மூன்று பேரும் என் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், கனகு அண்ணன் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு. ரெண்டு விரலைத் தூக்கினேன். வெயில் இப்போது ஏறி, எனக்குப் பின்னாலிருந்து அவர்கள் கண்ணில் அடிக்கிறது. அவர்களுக்குத் தெரியாது. என்ன என்கிற மாதிரி சார் கையை விரிக்கிறார். பத்துக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் கனகு அண்ணன் அங்கே நிற்கிறார். "ரெண்டு!" மயில் படபடவென்று தோப்புக்குள் பறந்தது. இவ்வளவு சத்தம் எனக்குள் இருந்ததா என்று யோசிப்பதற்குள் அடுத்த பந்து வருகிறது, ஓடி வலைக்குப் பின்னால் போனேன். "ரெண்டு!" அடுத்தது. "மூணு!" அடுத்தது. "ரெண்டு!" அஞ்சாவதுக்குப் பிறகு விரலைத் தூக்குவதையே விட்டுவிட்டேன். கனகு அண்ணன் எட்டாவதுக்குப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். பத்தாவதுக்கும் ரெண்டுதான். சார் மட்டையைத் துடைத்தார். கனகு அண்ணனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. பழசைப் பையிலிருந்து உருவி ராக்கியப்பன் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் புதுசைச் செருகினார். எழுபது கெஜத்துக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். நன்றாகத்தான் தெரிந்தது.